பிணம் கிடைக்கும் முன்பே வரும் பதற்றம்: குற்றத் தொடர்களின் முதல் காட்சி எப்படி இயங்குகிறது?

குற்றத் தொடர் ஒன்றின் முதல் பகுதியைக் கைத்தொலைபேசியில் போட்டுவிட்டு, இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தி, இதற்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறதோ என்று தேடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். திரையில் யாரோ ஓடுகிறார்கள். யார் என்று சொல்லப்படவில்லை. ஒரு வாகனம் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை. பெயர் எழுத்துகள் ஓடி முடிந்ததும் வேறோர் ஊர், வேறு மனிதர்கள், காலைத் தேநீர். எதையோ தவறவிட்டுவிட்டோம் என்ற எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் எதுவும் தவறவில்லை. அந்தக் குழப்பத்தைத் திரைக்கதை எழுதியவர் அளந்து வைத்திருக்கிறார்.

மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் இந்தக் குழப்பம் சற்றுக் கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மாலை நேரப் பார்வையைப் பழக்கியவை சென்னையிலிருந்து வரும் நெடுந்தொடர்கள். அவற்றில் முடிச்சு விழுவது பகுதியின் கடைசியில்: கதவு திறக்கும், மூன்று முகங்கள் அடுத்தடுத்து அதிரும், 'தொடரும்' என்ற எழுத்து வரும். தொடக்கத்தில் முன்கதையும் தலைப்புப் பாடலும் ஓடும். அடுக்களையில் வேலை இருப்பவர் அதை முடித்துக்கொண்டு ஆறுதலாக வந்து உட்காரலாம். குற்றத் தொடரோ முடிச்சை வாசலிலேயே போட்டுவிடுகிறது. பிந்தி வருகிறவருக்கு அங்கே இடம் இல்லை.

அப்படியானால் அந்த முதல் சில நிமிடங்களில் என்னதான் நடக்கிறது? இரத்தமும் இருட்டும் பின்னணி இசையும் பதற்றத்தைத் தருகின்றன என்பது பொதுவான எண்ணம். அவை துணைப் பொருள்கள் மாத்திரமே. பதற்றத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது: காட்சியில் இருப்பவருக்கு என்ன தெரியும், பார்க்கிற நமக்கு என்ன தெரியும் என்ற பங்கீட்டில்.

அதிர்ச்சி, ஆவல், பதற்றம்

இந்த மூன்றையும் அன்றாடப் பேச்சில் 'திரில்' என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் முதல் காட்சியின் வேலை விளங்கும். வில்லியம் பிரூவர், எட்வர்ட் லிக்டென்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1982இல் இதற்கு ஒரு தெளிவான அடிப்படையைக் கொடுத்தார்கள். நிகழ்ச்சிகள் நடந்த ஒழுங்கு ஒன்று. அவை நமக்குச் சொல்லப்படும் ஒழுங்கு இன்னொன்று. இரண்டாவது ஒழுங்கை மாற்ற மாற்ற, ஒரே கதை வெவ்வேறு உணர்வைத் தரும்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக் குருமண்வெளியிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரை மண்டூருக்கு வாவியைக் கடக்கும் 'பாதை'யை, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை, எடுத்துக்கொள்வோம். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே தளத்தில் நெருங்கி நின்று போகும் பயணம் அது. அதில் ஒரு கற்பனைச் சம்பவம். விடியும் முன் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கப் பைக்குள் யாரோ ஒரு பொட்டலத்தை வைக்கிறார்கள். வண்டிக்காரர் அதை அறியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு துறைக்கு வருகிறார். பாதை மண்டூரை அடைந்து எல்லோரும் இறங்கிய பின் அந்த வண்டி மட்டும் தளத்தில் நிற்கிறது, ஆளைக் காணவில்லை.

இதை மூன்று விதமாகத் தொடங்கலாம்.

1. ஆவல். கடைசி நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது. பாதை கரை தட்டுகிறது. ஆட்கள் இறங்குகிறார்கள், வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு ஏறிப் போகின்றன. ஒன்று மாத்திரம் நிற்கிறது. சாவி அதிலேயே இருக்கிறது. கைப்பிடியில் தொங்கும் பையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பாண். தலைக்கவசம் இரண்டு. பாதைக்காரர் "இது யாருடைய வண்டி?" என்று கேட்கிறார், திரும்பிப் பார்ப்பவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. விளைவு கண் முன்னால் இருக்கிறது, காரணம் இல்லை. பார்ப்பவரின் மனம் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. இரண்டாவது தலைக்கவசம் யாருக்கு என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கமரா அதன்மேல் ஒரு நொடி கூடுதலாக நின்றால் போதும்.

2. பதற்றம். நடந்த ஒழுங்கிலேயே சொல்வது. பொட்டலம் வைக்கப்படுவதை நாம் பார்த்துவிட்டோம். பிறகு பாதையில் அந்த வண்டியின் இருக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நிற்கிறாள். பக்கத்தில் இருவர் இந்தப் போகத்து நெல் விலையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு எவ்வளவுக்குச் சாதாரணமோ அவ்வளவுக்கு நமக்கு மூச்சு முட்டும். இங்கே மனம் முன்னோக்கி ஓடுகிறது.

3. அதிர்ச்சி. பொட்டலத்தையும் காட்டாமல், கடைசி நிகழ்ச்சியையும் காட்டாமல், வண்டிக்காரரைக் கதாநாயகனைப்போல நான்கு நிமிடம் பேசவிட்டு, கமரா ஒருமுறை கரையைப் பார்த்துத் திரும்பும்போது அவர் இல்லாமல் போவது. ஒன்று மறைக்கப்பட்டது என்பதே நமக்குத் தெரியாது. அதனால்தான் தூக்கிவாரிப் போடுகிறது.

பதற்றப் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா திரூஃபோவுக்குச் சொன்ன விளக்கம் இதற்குப் பொருந்தும். இருவர் உட்கார்ந்து பேசும் மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளரிடம் சொல்லாமல் வெடிக்கவைத்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டையும் கடிகாரத்தையும் காட்டிவிட்டு இருவரையும் பேசவிட்டால் பதினைந்து நிமிடப் பதற்றம். கணக்கு எளிது. மூன்றில் அதிர்ச்சிதான் மலிவானது, ஒரே தடவையில் எரிந்து முடிவது. தேர்ந்த எழுத்தாளர்கள் முதல் காட்சியை ஆவலில் தொடங்கி, இரண்டாவது நிமிடத்துக்குள் ஒரு துண்டு உண்மையைக் கொடுத்துப் பதற்றமாக மாற்றிவிடுவார்கள். அதிர்ச்சியைப் பின்னால் வரும் ஏதோவொரு பகுதிக்குச் சேமித்துக்கொள்வார்கள்.

முடிவு தெரிந்தும் ஏன் பதறுகிறோம்?

இதில் நம் பிரதேசத்து மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க ஒன்றும் இல்லை. வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். ஓர் ஆபரணத் திருட்டு, ஒரு பொய்க் குற்றச்சாட்டு, விசாரணையில்லாத மரண தண்டனை, பிறகு சபை நடுவே சிலம்பை உடைத்துக் காட்டும் தடயம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரு குற்றத் தொடருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. கேட்டிருப்பவர்களில் முடிவு தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பொற்கொல்லன் எதிரே வரும் இடத்தில் கூட்டம் அசைவற்றுப் போகிறது.

சிலப்பதிகாரத்தின் கட்டமைப்பை இந்தக் கண்ணால் பாருங்கள். பதிகத்திலேயே கதைச் சுருக்கம் முழுவதும் வந்துவிடுகிறது. கோவலன் சிலம்பை விற்கப் புறப்படும் பகுதிக்குப் பெயரே கொலைக்களக் காதை. வழியில் திமிலுடைய காளை ஒன்று எதிரே பாய்ந்து வருகிறது. அது தீக்குறி என்பதை அவன் அறியவில்லை, அவன் குலத்தார் அறியக்கூடிய விடயமும் அன்று என்று இளங்கோ ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேலே போகிறார். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதன்பின் அவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் நம்மை வதைக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே போய் இந்தச் சிலம்புக்கு விலை மதிக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்கிறான். எந்த நாட்டுத் திரைக்கதை வகுப்பிலும் வைத்துப் பாடம் நடத்தக்கூடிய இடம் இது.

கூத்துக் களரியிலும் இதே ஒழுங்குதான். கட்டியகாரன் வந்து அரசன் வரப்போவதை அறிவிக்கிறான். வரவுத் தாளக்கட்டு முழங்குகிறது. அரசன் இன்னும் பேசத் தொடங்கவில்லை. யார் வரப்போகிறார் என்பது தெரிந்த பிறகும் அந்த வரவுக்காகக் காத்திருப்பதே ஒரு சுவை.

மேற்கத்தியத் துப்பறியும் இலக்கியத்தில் இந்த உத்தி பிந்தித்தான் ஒரு தனி வகையாகப் பெயர் பெற்றது. குற்றவாளி யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, அவன் எப்படி அகப்படுவான் என்பதைக் கதையாக்கும் முறையை ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வெளிவந்த தம் சிறுகதைத் தொகுதியில் கையாண்டார். தொலைக்காட்சியில் அதை நிலைநிறுத்தியது 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர். 1971 செப்டெம்பர் 15ஆம் திகதி ஒளிபரப்பான அதன் முதல் பருவத் தொடக்கப் பகுதியை இயக்கியவர் அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். அதன் முதல் காட்சி இன்றும் பார்க்கத் தக்கது. வீதியில் ஒரு கார் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் காரின் சத்தம் நமக்குக் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் தட்டச்சு இயந்திரத்தின் டக் டக் ஓசை மட்டும். உயரத்தில் ஓர் அறைக்குள் ஒருவர் கதை எழுதிக்கொண்டிருக்கிறார். கீழே அவரைக் கொல்லப்போகும் கூட்டாளி வந்துகொண்டிருக்கிறான். படம் கொலையாளியோடு போகிறது, ஒலி கொல்லப்படப்போகிறவரோடு தங்கிவிடுகிறது. ஒரு சொல் பேசப்படவில்லை, ஒரு துளி இரத்தம் இல்லை. தட்டச்சு எப்போது நிற்கும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இவ்வளவு அவசரம் ஏன்?

கலைக்கு அப்பால் இதில் வியாபாரமும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நாடகத்தில் கணிசமான பங்கு விளம்பரத்துக்குப் போய்விடும். முந்திய நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர் தொலையியக்கியைக் கையில் எடுக்காதிருக்க, தலைப்பு எழுத்துகள் ஓடும் முன்பே ஒரு சிறு காட்சியைக் காட்டிவிடும் வழக்கம் வந்தது. தலைப்புக்கு முன் வரும் இந்தக் காட்சிதான் நம்மவர்களைக் குழப்புவது.

இலங்கையில் அந்த நெருக்கடி இருக்கவில்லை. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கிய காலத்தில் மாற்றிப் பார்ப்பதற்கு இருந்தவையே இந்த இரண்டும்தான். நாடகம் தன் நேரத்தை எடுத்துக்கொண்டு, வயல்வெளியைக் காட்டி, பாடலைப் பாடித் தொடங்கலாம்.

இணையவழிச் சேவைகள் வந்த பிறகு நெருக்கடி இன்னும் இறுகியது. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2020இன் தொடக்கத்தில், குறைந்தது இரண்டு நிமிடம் பார்த்தவரையும் ஒரு நிகழ்ச்சியைத் தெரிவுசெய்து பார்த்தவராகக் கணக்கிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் இறுதியில் பார்க்கப்பட்ட மணித்தியாலங்களைக் கணக்கிடும் முறைக்கு மாறிவிட்டது என்றாலும், முதல் இரண்டு நிமிடத்தின்மீது தயாரிப்பாளர்களுக்குள்ள கவலை குறைந்துவிடவில்லை. தலைப்புப் பாடலைத் தாண்டிச் செல்லும் பொத்தானை 2017இல் அறிமுகப்படுத்தியதும் அதே நிறுவனம்தான். தலைப்பு இசையால் மனநிலையை உருவாக்கும் வழி அத்தோடு பாதி அடைபட்டுவிட்டது. மிஞ்சியது முதல் காட்சி.

தொடக்கங்களின் வகைகள்

பார்க்கக் கிடைக்கும் தொடர்களை அடுக்கினால் தொடக்கங்கள் ஒருசில வகைக்குள் அடங்கும்.

1. கண்டெடுப்பு. மிகப் பழையதும் மிகச் சோம்பலானதும் இதுவே. 1990இல் தொடங்கிய 'லா அண்ட் ஓர்டர்' தொடரில் பகுதிக்குப் பகுதி இதைக் காணலாம்: கதைக்குச் சம்பந்தமில்லாத யாரோ இருவர் வீட்டுச் செலவையோ காதலையோ பேசிக்கொண்டு நடப்பார்கள், பேச்சின் நடுவே பிணம் தட்டுப்படும். பழகிப்போன பார்வையாளருக்கு அந்த அரட்டையே எச்சரிக்கை மணி. அதே ஆண்டு வந்த 'ட்வின் பீக்ஸ்' இதையே எடுத்து மெதுவாக்கியது. தூண்டில் போடப் போகும் முதியவர் ஏரிக்கரையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்ட உடலைக் காண்கிறார். அதன் பின் கமரா துப்பறிகிறவரிடம் போகாமல், செய்தி பெற்றோரிடம் வந்து சேரும் வழியில் நிற்கிறது. மகள் இறந்தது நமக்குத் தெரியும், தாய்க்கு இன்னும் தெரியாது. மறுபடியும் அதே பங்கீடு.

2. நடுவிலிருந்து தொடங்குதல். 2008இல் வந்த 'பிரேக்கிங் பேட்' தொடரின் முதல் காட்சியில் பாலைவனத்து வானத்திலிருந்து ஒரு காற்சட்டை பறந்து வந்து வீதியில் விழுகிறது. உள்ளாடையும் வாயுக் கவசமுமாக ஒரு மனிதன் ஒரு பெரிய வண்டியைத் தறிகெட்டு ஓட்டிவந்து பள்ளத்தில் விடுகிறான். குடும்பத்துக்கு ஒரு செய்தியைக் கமராவில் பதிவுசெய்கிறான். சைரன் ஒலி நெருங்க நெருங்கத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நடு வீதியில் நிற்கிறான். தலைப்பு. பிறகு கதை சில வாரங்கள் பின்னோக்கிப் போய் ஒரு பள்ளி ஆசிரியரின் சலிப்பான காலைப்பொழுதைக் காட்டுகிறது. அந்தச் சலிப்பை நாம் பொறுத்துக்கொள்வது காற்சட்டைக்காக. இந்த வகைத் தொடக்கம் பார்வையாளரிடம் வாங்கும் கடன். திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். அந்தப் பகுதியின் முடிவில் சைரனோடு வந்தவை தீயணைப்பு வண்டிகள் என்று தெரியவரும்போது கடன் தீர்கிறது, அதுவும் எதிர்பாராத நாணயத்தில். இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் 'இரண்டு வாரங்களுக்கு முன்பு' என்று எழுத்துப் போடும் தொடர்கள் பெருகின. பெரும்பாலானவற்றில் அந்தத் துணுக்கை வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஒரு குறையும் வராது.

3. குற்றவாளி தெரிந்த தொடக்கம். மேலே சொன்ன 'கொலம்போ' வகை.

4. இடத்தைக் கொண்டு தொடங்குதல். என் மதிப்பில் மிக வளமானது. 2013இல் வந்த பிரித்தானியத் தொடர் 'பிரோட்சேர்ச்' ஒரு கடலோரச் சிற்றூரின் ஆளில்லா இரவு வீதிகளையும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் சிறுவனையும் முதலில் காட்டுகிறது. பொழுது விடிந்ததும் அந்தச் சிறுவனின் தந்தை கடைத்தெரு வழியே நடந்துபோகிறார். கமரா வெட்டாமல் கூடவே போகிறது. ஒவ்வொருவராக வணக்கம் சொல்கிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது அது ஊர் அறிமுகம். சிறுவன் இறந்த செய்தி வந்ததும் அது சந்தேக நபர்களின் பட்டியலாக மாறிவிடுகிறது.

இடத்தை இன்னும் கூர்மையாகப் பயன்படுத்தியது 2011இல் வந்த சுவீடன்-டென்மார்க் கூட்டுத் தொடர் 'த பிரிட்ஜ்'. இரு நாடுகளையும் இணைக்கும் ஒரேசுண்ட் பாலத்தில் விளக்குகள் அணைகின்றன. மீண்டும் எரியும்போது நடுப் பாலத்தில், இரண்டு நாட்டு எல்லைக் கோட்டின்மேல், ஓர் உடல் கிடக்கிறது. இரு நாட்டுப் பொலிஸாரும் வருகிறார்கள். உடலைத் தூக்க முயலும்போது அது இரண்டு வெவ்வேறு பெண்களின் பாதிகள் என்று தெரிகிறது. யாருடைய வழக்கு இது என்ற அலுவலகக் கேள்வியே பதற்றமாகிவிட்டது. நம் பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு: அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கல்லாறு, நீலாவணைப் பக்கம் ஊரோடு ஊர் ஒட்டியிருக்கும் இடத்தில் மாவட்ட எல்லை ஓடுகிறது. எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. வாவியில் மிதந்து வரும் உடலுக்கோ அது அறவே தெரியாது.

ஒலியும் கமராவும்

முதல் காட்சியில் ஒலிதான் அதிகம் உழைக்கிறது. அடுத்த காட்சியின் ஓசை இந்தக் காட்சியிலேயே தொடங்கிவிடுவது, எல்லா ஓசையும் அடங்கி ஒரு மின்விசிறியின் கிறீச்சொலி மட்டும் மிஞ்சுவது, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு தாழ்ந்த ரீங்காரம் நீண்டுகொண்டே போவது என்று பல வழிகள். கடைசியாகச் சொன்னதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாகத் தராது. நல்ல ஒலிபெருக்கியில் நெஞ்சை அழுத்தும் ரீங்காரம், கொழும்பு போகும் பஸ்ஸில் கையில் பிடித்துப் பார்க்கிறவருக்குக் கேட்கவே கேட்காது. அவர் காண்பது வெறுமனே ஒரு காலி வீதியும் நின்றுகொண்டிருக்கும் ஒரு வாகனமும். ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டால் பிழை அவரிடம் இல்லை. செவிப்பொறியை மாட்டிக்கொண்டு அதே காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கமராவைப் பற்றிச் சுருக்கமாக: முகத்தை மறைப்பது, நடப்பவரின் முதுகுக்குப் பின்னாலேயே போவது, சட்டகத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைப்பது ஆகிய மூன்றும் 'இன்னும் ஒருவர் இருக்கிறார்' என்று சொல்லாமல் சொல்பவை. வானிலிருந்து ட்ரோன் எடுக்கும் காட்சி இப்போது எல்லாத் தொடரிலும் வருகிறது. அழகாக இருக்கும், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடுவதால் பதற்றத்துக்குப் பெரும்பாலும் உதவாது.

இதே உத்திகள் இங்கே என்னவாகும்?

குறும்படமும் இணையத்தொடரும் எடுக்கும் இளைஞர்கள் இப்போது கிழக்கிலும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த தொடக்கங்களை அப்படியே இங்கே நட்டால் முளைக்காத இடங்கள் சில உண்டு.

முதலாவது, பார்வையாளர் ஏற்கெனவே சுமந்துகொண்டு வரும் அறிவு. இரவில் கதவு தட்டப்படுவது மற்ற ஊர்த் தொடரில் ஓர் உத்தி. போர்க்காலத்தில் கதவு தட்டப்பட்டு, போனவர் திரும்பாத வீடுகள் உள்ள ஊரில் அது உத்தியாக நின்றுவிடாது; பார்க்கிறவர் கதையிலிருந்து வெளியேறித் தன் வீட்டுக்குள் போய்விடுவார். கூட்டமான இடத்தில் தனியே கிடக்கும் முதுகுப் பையும் அப்படித்தான். 2018இல் வந்த பிரித்தானியத் தொடர் 'பொடிகார்ட்' ஓடும் ரயிலில் ஒரு வெடிகுண்டை வைத்துத் தன் முதல் காட்சியை நீட்டி, அதற்காகப் பாராட்டும் பெற்றது. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் நடந்ததை அறிந்த மட்டக்களப்பில் அதே காட்சியை எடுப்பவர், நிமிடங்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் தனக்கு அது எதற்கு வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஹிட்ச்காக் சொன்ன கணக்கில், தன் வாழ்க்கையில் குண்டைக் கண்டிராத பார்வையாளர் என்பது பேசப்படாத நிபந்தனை.

இரண்டாவது, நடைமுறை. நம் ஊரில் எடுக்கப்படும் பல காட்சிகளில் சென்னைப் பட இன்ஸ்பெக்டர் வந்து, துணியை விலக்கி, அங்கேயே தடயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். இங்கே நடப்பது வேறு. யாரோ 119க்கு அழைக்கிறார்கள், அல்லது கிராம உத்தியோகத்தரிடம் சொல்கிறார்கள். பொலிஸார் வந்து ஆட்களை விலக்குகிறார்கள். பிறகு நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ வந்து பார்க்கும்வரை உடல் அங்கேயே கிடக்கும். பிரேத பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியின் பொறுப்பு. இந்தக் காத்திருப்பு ஒரு திரைக்கதை எழுத்தாளருக்குக் கிடைத்த புதையல். வெயில் ஏறுகிறது, உறவினர்கள் பத்து அடி தள்ளி நிற்கிறார்கள், தொட முடியாது, யாரோ ஒரு குடையைக் கொண்டுவந்து உடலுக்கு மேலே பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கூட்டத்தில் நிற்கும் ஒருவர் மட்டும் உடலைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துப்பறிகிறவர் இன்னும் வரவில்லை, தொடர் தொடங்கிவிட்டது.

மூன்றாவது, மொழி. இதை இன்னும் யாரும் முறையாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் சொன்ன பங்கீடு முழுவதும் இதற்குள் இருக்கிறது. மகனைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுக்க ஒரு தாய் பொலிஸ் நிலையத்துக்கு வருகிறாள். தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் கேட்டு, சிங்களத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவள் மகன் போட்டிருந்த சேட்டின் நிறத்தைச் சொல்கிறாள். அந்த நேரம் உள்ளறையிலிருந்து வந்த பொறுப்பதிகாரி, எழுதிக்கொண்டிருப்பவரிடம் சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறார். பேனை ஒரு கணம் நிற்கிறது. பிறகு அவர் தமிழில் கேட்கிறார்: "சேட்டு என்ன நிறம் என்று சொன்னீர்கள், அம்மா?"

அந்த ஒரு சிங்கள வாக்கியத்துக்குத் திரையின் அடியில் தமிழ் வரி போடுவதா இல்லையா என்பதில் காட்சியே மாறுகிறது.

1. வரி போட்டால், பிரேத அறைக்கு ஓர் உடல் வந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கோவலன் பொற்கொல்லனிடம் பேசும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

2. வரி போடாவிட்டால், நாம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நின்றுபோன பேனையும் மறுபடி கேட்கப்பட்ட கேள்வியும் மாத்திரமே நமக்குக் கிடைத்த தடயங்கள்.

3. வரி போடாத காட்சியை ஒரே வீட்டில் சேர்ந்து பார்த்தால், கொழும்பில் வேலை செய்து சிங்களம் பழகிய தகப்பன் முதலாவது காட்சியைப் பார்க்கிறார். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் இரண்டாவதைப் பார்க்கிறார்கள். அவர் வாய் திறந்து சொல்லும்வரை அந்த அறைக்குள் பதற்றம் இரண்டு பங்காக இருக்கும்.

இதில் எதை எடுப்பது என்பதைத் திரைக்கதைத் தாளிலேயே எழுதிவைப்பது நல்லது. படம் முடிந்த பிறகு வசன வரி போடுகிறவரிடம் விட்டால், அவர் தன் வேலையைச் செம்மையாகச் செய்வதாக எண்ணிக்கொண்டு எல்லா வாக்கியத்துக்கும் வரி போட்டுவிடுவார்.